மார்ஷல் ஜே.சி.எம். 800 – 2203 வால்வு ஹெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2203 என்பது எந்த ஆம்ப்ளிஃபயர்?

இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரைச் சேர்ந்த பிளெட்ச்லியில் மார்ஷல் நிறுவனம் தயாரித்த 100 வாட் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஹெட்டின் மாடல் எண் 2203. ஹெட் என்பதால் இதனுள் ஸ்பீக்கர் கிடையாது; நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் பொருத்திய தனிக் கேபினெட்டின் மேல் இதை வைத்து, ஸ்பீக்கர் கேபிளால் இணைத்து வாசிப்பது வழக்கம். முன்பகுதிச் சுற்றில் (பிரீஆம்ப்) மூன்று இ.சி.சி.83 வால்வுகளும் (சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழல்கள்), பவர் பகுதியில் நான்கு இ.எல்.34 வால்வுகளும் இருக்கும். முகப்பில் பிரசன்ஸ், பாஸ், மிடில், டிரெபிள், மாஸ்டர் வால்யூம், பிரீஆம்ப் வால்யூம் என ஆறு குமிழ்களும், ஹை, லோ என இரண்டு இன்புட்டுகளும் உண்டு. சேனல் மாற்றும் வசதி, ரிவெர்ப் (எதிரொலி), எஃபெக்ட்ஸ் லூப் (வெளி எஃபெக்ட் கருவிகளை நடுவில் இணைக்கும் வழி) எதுவும் இல்லை. 1980களின் ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் கிட்டார் ஒலியைப் பற்றிப் பேசும் எவரும் இந்தப் பெட்டியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

ஜே.சி.எம். 800 என்றாலே 2203தானா?

இல்லை. வாங்குகிறவர்கள் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஜே.சி.எம். 800 என்பது ஒரு வரிசையின் பெயர். 2203 அந்த வரிசையில் வந்த ஒரு மாடல். அதே முகப்பு எழுத்துகளோடு 50 வாட் 2204 வந்தது. மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்தைத் தனியே அளவிடும் குமிழ்) இல்லாத, 1959, 1987 என்ற எண்களைக் கொண்ட பழைய மாடல்களும் புதிய உடையில் வந்தன. இரண்டு சேனல்களும் ரிவெர்பும் கொண்ட 2205 (50 வாட்), 2210 (100 வாட்) ஆகியவையும் வந்தன. 2205, 2210 இரண்டிலும் கூடுதல் டிஸ்டார்ஷனுக்கு (ஒலி அலை வெட்டுப்பட்டு எழும் கரகரப்புக்கு) டையோடுகள் பயன்படுத்தப்பட்டிருப்பதால் அவற்றின் ஒலி வேறு. ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் டாம் மொரெல்லோ பல ஆண்டுகளாக வாசித்து வருவது 2205. அவருடைய ஒலியை விரும்பி 2203 வாங்குவது பொருந்தாது. ஆகவே முகப்பைப் பார்த்து விலை பேசாமல், பின்பலகையில் உள்ள மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும்.

இதன் வரலாறு என்ன? 1981இல்தான் தோன்றியதா?

டிரம் வாசிப்பவராகவும் டிரம் ஆசிரியராகவும் இருந்த ஜிம் மார்ஷல் 1960இல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக் கருவிக் கடை ஒன்றைத் திறந்தார். கடைக்கு வந்த இளம் கிட்டார் கலைஞர்கள் கேட்ட ஒலியைத் தரும் நோக்கத்தோடு, கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து 1962இல் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரின் சுற்றை அடிப்படையாக வைத்து ஜே.டி.எம். 45ஐ உருவாக்கினார். மேடைகள் பெரிதாகப் பெரிதாக அது 100 வாட்டாக வளர்ந்தது. அந்தக் காலத்து 100 வாட் ஹெட்டுகளில் மாஸ்டர் வால்யூம் கிடையாது. டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் முழுச் சத்தத்தில் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க 1975இல் மார்ஷலின் முந்தைய வரிசையான ஜே.எம்.பி.யில் மாஸ்டர் வால்யூமோடு வந்ததுதான் 2203. 1965 முதல் மார்ஷலின் விநியோகத்தை ரோஸ்-மாரிஸ் நிறுவனம் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் கையில் வைத்திருந்தது. அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு புதிய தோற்றத்தோடு சந்தைக்கு வர மார்ஷல் விரும்பியதன் விளைவே 1981இல் வெளிவந்த ஜே.சி.எம். 800 வரிசை. ஜே.சி.எம். என்பது ஜேம்ஸ் சார்ல்ஸ் மார்ஷல் என்ற அவருடைய முழுப்பெயரின் முதலெழுத்துகள். 800 என்பது அவருடைய காரின் பதிவு எண்ணிலிருந்து வந்தது. ஆகவே 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஜே.எம்.பி. 2203ம் 1980களின் தொடக்கத்து ஜே.சி.எம். 800 2203ம் மின்சுற்றில் ஏறத்தாழ ஒன்றே. முகப்பு மட்டும் வேறுபடும் இரண்டு பெட்டிகளுக்குள் பெரிய விலை வேறுபாடு இருந்தால், நல்ல நிலையில் உள்ளதை வாங்குவதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து.

இது உண்மையிலேயே ஹை-கெயின் ஆம்ப்ளிஃபயரா?

கெயின் என்பது சிக்னலைப் பெருக்கும் அளவு; அது கூடினால் டிஸ்டார்ஷனும் கூடும். பிறந்த காலத்தின் அளவுகோலில் ஆம். இன்றைய அளவுகோலில் நடுத்தரம். 1987இல் வந்த சோல்டானோ எஸ்.எல்.ஓ. 100, 1990களில் பரவிய மெசா பூகி டூயல் ரெக்டிஃபயர், பீவி 5150 ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் 2203இன் கெயின் குறைவுதான். வால்வுப் படிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கெயினைக் கூட்டும் உத்தியிலும் மார்ஷல் முதலாவது அல்ல. கலிஃபோர்னியாவில் மெசா பூகியின் ராண்டால் ஸ்மித் 1970களின் தொடக்கத்திலேயே அதைச் செய்துவிட்டார்.

ஆனால் கெயின் குறைவாக இருப்பதுதான் 2203இன் பலம். அளவுக்கு மீறிய கெயின் உள்ள ஆம்ப்ளிஃபயரில் மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒலி ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். 2203இல் பிக் கம்பியைத் தொடும் கோணம், உள்ளங்கையால் கம்பியை அமுக்கும் அழுத்தம், கிட்டாரின் வால்யூம் குமிழ் நின்ற இடம் எல்லாம் ஸ்பீக்கர் வரை வந்து சேரும். கிட்டாரில் வால்யூமைப் பாதிக்குக் குறைத்தால் ரிதம் வாசிக்கத் தக்க தெளிந்த ஒலி கிடைக்கும். மீண்டும் முழுக்கத் திருப்பினால் சோலோவுக்கான டிஸ்டார்ஷன் திரும்பி வரும். ஒரே சேனல் உள்ள ஆம்ப்ளிஃபயரோடு ஒரு நிகழ்ச்சி முழுவதையும் நடத்திய தலைமுறை கையாண்ட வழி இதுவே.

இதன் டிஸ்டார்ஷன் சுற்றின் எந்த இடத்தில் உருவாகிறது?

ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் சிறிது சிறிதாக உருவாகிறது. ஹை இன்புட்டில் நுழையும் கிட்டார் சிக்னலை முதல் வால்வுப் படி ஐம்பது மடங்கு அளவில் பெருக்குகிறது. வோல்ட்டில் பத்தில் ஒரு பங்காக இருந்தது இங்கேயே சில வோல்ட் ஆகிவிடும். அதன்பின் பிரீஆம்ப் வால்யூம் குமிழைத் தாண்டி இரண்டாம் படிக்குப் போகிறது. இந்த இரண்டாம் படிதான் 2203இன் உயிர்நாடி. வழக்கமான சுற்றுகளில் 1 அல்லது 2 கிலோ ஓம் அளவில் இருக்கும் கேத்தோடு (வால்வினுள் எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) மின்தடை இங்கே 10 கிலோ ஓம். அதற்கு இணையாக மின்தேக்கியும் இல்லை. அதனால் சிக்னல் இல்லாத நிலையில் இந்த வால்வில் மிகக் குறைந்த மின்னோட்டமே ஓடும். சிக்னல் அலை கீழ்நோக்கி இறங்கும்போது வால்வு சீக்கிரமே முழுவதும் அடைபட்டுவிடுகிறது. அந்தப் பாதி அலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. மறுபாதி பெரும்பாலும் முழு உருவத்தோடு கடந்து போகிறது. ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்கள் இதைக் கோல்ட் கிளிப்பர் என்பார்கள். அலையின் இரு பாதிகளும் ஒன்றுபோல் வெட்டப்படாததால் பிறக்கும் கரகரப்புதான் 2203இன் குரல் என்று நாம் அடையாளம் காண்பது. பின்னாளில் சோல்டானோ எஸ்.எல்.ஓ. 100 இதே உத்தியை 39 கிலோ ஓம் மின்தடையோடு இன்னும் தீவிரமாகக் கையாண்டது.

கோல்ட் கிளிப்பரின் சொந்தப் பெருக்கம் மிகக் குறைவு, பத்து மடங்குக்கும் கீழே. மூன்றாவது படி அந்தச் சிக்னலை மீண்டும் பெருக்கி, அதனோடு நேரடியாக இணைந்த கேத்தோடு ஃபாலோயருக்குத் தருகிறது. கேத்தோடு ஃபாலோயர் அலையின் ஒரு பக்கத்தை மென்மையாக அமுக்குகிறது. பிறகு பாஸ், மிடில், டிரெபிள் சுற்று. அதன்பின் மாஸ்டர் வால்யூம். அடுத்து சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர். கடைசியில் பவர் வால்வுகளும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும். மாஸ்டரைத் தாழ்த்தி வைத்தால் முன்பகுதியின் டிஸ்டார்ஷனை மட்டுமே கேட்கிறோம். உயர்த்தினால் ஃபேஸ் இன்வெர்ட்டரும் இ.எல்.34களும் தங்கள் பங்குக்கு அலையைத் தேய்த்து உருட்டுகின்றன.

லோ இன்புட் எதற்கு?

அது முதல் வால்வுப் படியைத் தவிர்த்து சிக்னலைச் செலுத்துகிறது. ஆகவே கெயின் வெகுவாகக் குறைந்து, ஒலி தெளிவாகவும் சற்று இறுக்கமாகவும் இருக்கும். பெடல்களிலிருந்தே டிஸ்டார்ஷனை எடுப்பவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

மாஸ்டர் வால்யூம் இருந்தும் சத்தமாக வைத்தால்தான் நன்றாக ஒலிக்கிறது என்பது ஏன்?

மூன்று காரணங்கள் சேர்ந்து இப்படி ஆகிறது. முதலாவது, மேலே சொன்னபடி பவர் பகுதி தன் வேலையைத் தொடங்கக் குறிப்பிட்ட அளவு சிக்னல் தேவை. இரண்டாவது, ஸ்பீக்கர் கூம்பு போதிய அளவு அசைந்தால்தான் அதன் சொந்தக் குணம் வெளிப்படும். மூன்றாவது நம் காதைப் பற்றியது: சத்தம் குறைந்தால் கீழ் ஸ்தாயியும் மிக உயர்ந்த ஸ்தாயியும் காதுக்கு மங்கிப்போகும், நடுப்பகுதியின் கரகரப்பு மட்டும் எஞ்சும். மாஸ்டரை 1இல் வைத்துக் கேட்டுவிட்டு இந்த ஹெட்டின் ஒலி மெல்லியது, கூர்மையானது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. மாஸ்டர் 4ஐ நெருங்கும்போது ஒலி நிரம்பத் தொடங்குவதையும், அமுக்கி வாசிக்கும் தாழ்ந்த கம்பியின் அடி நெஞ்சில் வந்து மோதுவதையும் ஒருமுறை உணர்ந்தவர்கள் அதை மறப்பதில்லை.

குமிழ்களை எந்த அளவில் வைத்துத் தொடங்கலாம்?

பிரீஆம்ப் வால்யூம் 7, மிடில் 6, பாஸ் 5, டிரெபிள் 5, பிரசன்ஸ் 3, மாஸ்டர் அந்த இடம் தாங்கும் அளவு. இது தொடக்கம் மட்டுமே. பிரீஆம்ப் வால்யூம் குமிழோடு இணைந்த சிறிய மின்தேக்கி, குமிழ் தாழ்ந்திருக்கும்போது உயர் ஸ்தாயியைக் கூடுதலாகக் கடத்திவிடும். அதனால் கெயினைக் குறைத்தவுடன் ஒலி கூசத் தொடங்கினால் அது பழுதல்ல, சுற்றின் இயல்பு. டிரெபிளைக் குறைத்து ஈடுகட்டலாம்.

பாஸ், மிடில், டிரெபிள் மூன்றும் ஒன்றையொன்று பாதிப்பவை. மூன்றையும் பூஜ்ஜியத்தில் வைத்தால் ஒலியே ஏறத்தாழ அடங்கிவிடும். அதே காரணத்தால் மிடிலை உயர்த்துவது ஒட்டுமொத்த ஒலியையும் தடிமனாக்கும். பிரசன்ஸ் அவற்றோடு சேராதது. பவர் பகுதியின் எதிர்மறைப் பின்னூட்டத்தில் வேலை செய்வதால், மாஸ்டரை உயர்த்தியபின் அதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். தனியறையில் இனிமையாக இருந்த பாஸ், டிரம்மும் பாஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் குழம்பிப்போகும். குழுவோடு வாசிக்கும்போது பாஸைக் குறைத்து மிடிலைக் கூட்டும் துணிவு வேண்டும்.

பலர் இதன் முன்னால் ஓவர்டிரைவ் பெடல் வைப்பது ஏன்?

ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் போன்ற பெடலை, டிரைவ் குமிழைத் தாழ்த்தி, லெவல் குமிழை உயர்த்தி வைத்து முதல் படிக்குள் கூடுதல் சிக்னலைத் தள்ளுவது 1980களிலிருந்தே உள்ள பழக்கம். இதில் பெடலின் டிஸ்டார்ஷன் முக்கியமல்ல. தாழ்ந்த ஸ்தாயியைச் சற்று வெட்டி நடுப்பகுதியை முன்னிறுத்தும் அதன் குணம்தான் பயன்படுகிறது. கீழ் ஒலி குறைந்த சிக்னல் கோல்ட் கிளிப்பருக்குள் நுழையும்போது அடித்தொனி கலங்காமல் இறுகி நிற்கும். வேகமாக வாசிக்கும் ரிஃப்களின் ஒவ்வொரு தட்டும் தனித்துக் கேட்கும். ஸ்லேயர் குழுவின் கெர்ரி கிங், ஆஸி ஆஸ்போர்னோடு வாசித்த ஸாக் வைல்ட் ஆகியோர் 2203ஐ மெட்டல் உலகின் அடையாளமாக்கினார்கள். இருவரின் பெயரிலும் மார்ஷல் பின்னர் சிறப்புப் பதிப்புகளை வெளியிட்டது. இன்னும் கெயின் வேண்டும் என்று எண்ணுபவர்கள் ஹெட்டைப் பிரித்து மாற்றுவதற்கு முன் ஒரு நல்ல ஓவர்டிரைவ் பெடலை வைத்துப் பார்ப்பதே முறை.

வீட்டில் வாசிக்க முடியுமா? 50 வாட் 2204 வாங்கினால் சத்தம் பாதியாகுமா?

ஆகாது. வாட் பாதியானால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. அது காதுக்குச் சிறிய வேறுபாடு. நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டோடு முழு ஆற்றலில் 2203 ஒரு மீட்டர் தூரத்தில் 120 டெசிபலை நெருங்கும். 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் பாதுகாப்பின்றி இருக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் உடல்நல நிறுவனமான நியோஷின் பரிந்துரை. காது அடைப்பான் இல்லாமல் சிறிய அறையில் இந்த ஹெட்டை உயர்த்தி வாசிப்பவர் திரும்பப் பெற முடியாத ஒன்றை இழக்கிறார்.

வீட்டில் வாசிக்க நல்ல வழி, ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் தரமான அட்டெனுவேட்டரை (ஸ்பீக்கருக்குப் போகும் ஆற்றலைக் குறைக்கும் கருவி) வைப்பது, அல்லது ஸ்பீக்கருக்குப் பதிலாக அதன் சுமையைத் தாங்கும் லோட் பாக்ஸை இணைத்து ஹெட்போனில் கேட்பது. இரண்டும் 100 வாட்டைத் தாங்கும் தகுதி உடையவையாக இருக்க வேண்டும். உண்மையில் டிஸ்டார்ஷனில் இந்த ஹெட் 100 வாட்டுக்கு மேலும் தள்ளும் என்பதால் கூடுதல் தாங்குதிறன் நல்லது.

நான்கு பவர் வால்வுகளில் இரண்டைக் கழற்றலாமா?

கழற்றலாம். ஆனால் இரண்டு விதிகள் உண்டு. நான்கில் பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டிரண்டு வால்வுகள் சுற்றின் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவை, அதாவது அலையின் ஒரே பாதியைக் கையாள்பவை. ஆகவே வெளிப்புற இரண்டையோ நடு இரண்டையோ கழற்ற வேண்டும். அப்போதுதான் பக்கத்துக்கு ஒன்று மிஞ்சும். அடுத்தது, ஓம் தேர்வியை (ஸ்பீக்கரின் மின்தடைக்கு ஏற்ப ஹெட்டைப் பொருத்தும் சுவிட்சு) கேபினெட்டின் ஓம் அளவில் பாதிக்கு மாற்ற வேண்டும்: 16 ஓம் கேபினெட் என்றால் தேர்வி 8இல் இருக்க வேண்டும். சத்தம் குறையும் அளவு 3 டெசிபல்தான் என்பதால் வீட்டுப் பிரச்சினை இதனால் தீராது.

எந்தக் கேபினெட் பொருந்தும்? ஓம் அளவைத் தவறாக வைத்தால் என்ன ஆகும்?

இதனோடு பிறந்த துணை, 1960 என்ற மாடல் எண்ணுள்ள மார்ஷல் கேபினெட். 1980களின் தொடக்கத்தில் அதில் செலஸ்டியன் ஜி12-65 ஸ்பீக்கர்கள் இருந்தன. பின்னர் ஜி12டி-75 வந்தது. 65 நடுப்பகுதி நிறைந்து மிருதுவாக இருக்கும். 75இல் அடியும் உச்சியும் தூக்கலாக, நடுப்பகுதி சற்றுப் பள்ளமாக இருக்கும். 2203க்கு நான் 65ஐயே பரிந்துரைப்பேன், ஏனென்றால் ஹெட்டே உயர் ஸ்தாயியில் கூர்மையானது. ஹெட் பழையதா புதியதா என்ற விவாதத்தைவிட ஸ்பீக்கர் தேர்வு ஒலியை அதிகம் மாற்றும்.

பின்பலகையில் 4, 8, 16 ஓம் தேர்வி உண்டு. ஒரு 16 ஓம் கேபினெட்டுக்கு 16. இரண்டு 16 ஓம் கேபினெட்டுகளை இணைத்தால் 8. தவறான இணைப்பு வால்வுகளையும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் வருத்தும். அதைவிடப் பெரிய ஆபத்து ஸ்பீக்கரே இல்லாமல் வாசிப்பது. சுமை இல்லாத டிரான்ஸ்பார்மரில் மிக உயர்ந்த மின்னழுத்தம் எழும்பி, சுருள்களின் காப்பு உடைந்துபோகும். பழைய ஓம் தேர்வியின் தொடர்புகள் தளர்ந்திருந்தாலும் இதே விளைவு நேரலாம். அதனால் அதைத் தொட்டுப் பார்த்து உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சோதிப்பது அவசியம். கேபினெட்டை இணைக்கக் கிட்டார் கேபிளைப் பயன்படுத்தக் கூடாது. தடித்த இரு கம்பிகள் கொண்ட ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும்.

சில ஹெட்டுகளில் 6550 வால்வுகள் இருக்கின்றனவே?

அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஹெட்டுகளில் பல ஆண்டுகள் இ.எல்.34க்குப் பதிலாக 6550 பொருத்தப்பட்டது. உறுதியானது, நீடித்து உழைப்பது என்பதே காரணம். 6550 தாமதமாக டிஸ்டார்ஷனுக்குள் போய், அடித்தொனி இறுகி, கண்ணாடி போன்ற தெளிவோடு ஒலிக்கும்; இ.எல்.34 சீக்கிரம் டிஸ்டார்ஷனுக்குள் போய் நடுப்பகுதியில் உறுமும். ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகினால் மட்டும் போதாது. பயஸ் (ஓய்வு நிலையில் வால்வில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) அளவு வேறு, கிரிட் மின்தடையின் மதிப்பும் வேறு (6550க்கு 150 கிலோ ஓம், இ.எல்.34க்கு 220 கிலோ ஓம்). தகுதியுள்ள தொழில்நுட்பரிடம் செய்ய வேண்டிய எளிய மாற்றம் இது. பழைய நிலைக்குத் திரும்பவும் கொண்டுவரலாம்.

இன்புட்டுகள் செங்குத்தாக உள்ளவை, கிடையாக உள்ளவை என்று பிரிக்கிறார்களே, அது எதனால்?

தொடக்க கால ஜே.சி.எம். 800களில் ஹை, லோ இன்புட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். 1980களின் நடுவிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். செங்குத்து வகையில் குமிழ்களும் ஜாக்குகளும் சேசிஸில் (உள் உலோகச் சட்டத்தில்) பொருத்தப்பட்டு, தனிக் கம்பிகளால் சர்க்யூட் போர்டோடு இணைக்கப்பட்டிருக்கும். கிடை வகையில் அவை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், ஆண்டுக்கணக்கில் கேபிளைச் செருகி எடுக்கும் விசையில் பற்றவைப்பு விரிசல் விடும். பழுதுபார்க்க எளியது என்பதால் செங்குத்து வகைக்கு விலை அதிகம். ஒலியில் பெரிய பிரிவு உண்டு என்பதை நான் ஏற்கவில்லை. பழைய உறுப்புகளின் மதிப்பு விலகலால் ஒரே வகையின் இரண்டு ஹெட்டுகளே வேறுபட்டு ஒலிக்கும்.

ஆண்டை அறிய வரிசை எண்ணில் உள்ள எழுத்து உதவும்: என் (N) என்றால் 1981, பி (P) என்றால் 1982, ஆர் (R) என்றால் 1983, எஸ் (S) என்றால் 1984. அதன்பின் 1985க்கு டி (T) என அகரவரிசையில் தொடர்ந்து, 1990க்கு ஒய் (Y) என்ற எழுத்து வரை செல்லும்.

பழைய ஹெட் ஒன்றை வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்?

பார்க்க வேண்டிய முதல் பொருள் டிரான்ஸ்பார்மர்கள். மூல டிரான்ஸ்பார்மர்கள் இருப்பதே பெட்டியின் மதிப்பில் பெரும்பங்கு. மாற்றப்பட்டிருந்தால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும். அடுத்து, யாரேனும் உள்ளே கைவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முகப்பிலோ பின்பலகையிலோ துளையிட்டுக் கூடுதல் குமிழோ சுவிட்சோ ஜாக்கோ வைத்திருந்தால், 1980களில் பரவலாக நடந்த கெயின் மாற்றங்களில் ஒன்று செய்யப்பட்டிருக்கும். சேசிஸை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

வாசித்துப் பார்க்கும்போது அரைமணி நேரமாவது இயங்கவிட்டுக் கேட்க வேண்டும். சூடான பிறகு உரத்து எழும் ஹம், வடிகட்டி மின்தேக்கிகள் வறண்டுவிட்டதைச் சொல்லும். ஒரு ஸ்வரத்தை நீட்டி வாசித்து அது தேயும் வரை காத்திருக்க வேண்டும். சீராகத் தேயாமல் அடியில் வேறொரு ஸ்வரம் பேய்போல் ஒட்டிக்கொண்டு வந்தால் அதற்கும் அதே மின்தேக்கிகளே பெரும்பாலும் காரணம். முன்வால்வுகளைப் பென்சிலால் மெல்லத் தட்டும்போது மணியடிப்பதுபோல் ஒலித்தால் அந்த வால்வு போய்விட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் பவர் வால்வுகளைப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் உட்பக்கத்தில் தெரியும் நீல ஒளியால் கெடுதி இல்லை. உள்ளே உள்ள சாம்பல் நிறத் தகடு செம்மை ஏறி ஒளிர்ந்தால் உடனே அணைக்க வேண்டும். வால்வுகளும் மின்தேக்கிகளும் தேயும் பொருள்கள். அவை பழுதாக இருப்பது விலையைக் குறைக்கக் காரணமே தவிர, ஹெட்டை ஒதுக்கக் காரணமல்ல.

வெளிநாட்டிலிருந்து வந்த ஹெட்டை இந்தியாவிலோ இலங்கையிலோ அப்படியே இணைக்கலாமா?

இரு நாடுகளிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தத் தேர்வி உள்ள ஹெட் என்றால் அதை உயர்ந்த நிலையில், அதாவது 240இல், வைப்பதே பாதுகாப்பானது. தாழ்ந்த நிலையில் வைத்தால் வால்வுகளின் சூடேற்றி இழைக்கும் தகட்டுக்கும் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போகும். 120 வோல்ட்டுக்கு மட்டுமே அமைந்த அமெரிக்க ஹெட்டுக்கு 500 வி.ஏ.க்குக் குறையாத ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். பிளக்கின் மூன்றாவது முள்ளான எர்த் இணைப்பை ஹம்மைக் குறைப்பதற்காகத் துண்டிக்கவே கூடாது. கிட்டார் கம்பியும் மைக்கும் ஒரே நேரத்தில் உடலில் படும் கலைஞரின் உயிர் அந்த இணைப்பைத்தான் நம்பியிருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் இயங்காமல் கிடந்த ஹெட்டை எப்படி இயக்குவது?

நேரடியாக இயக்கக் கூடாது. நீண்ட நாள் மின்சாரம் படாத எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளின் உட்படலம் தேய்ந்திருக்கும். முழு மின்னழுத்தம் ஒரே நேரத்தில் பாய்ந்தால் அவை கசியலாம், வெடிக்கலாம். தொழில்நுட்பர் வேரியாக்கின் உதவியோடு மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிச் சோதிப்பார். 40 ஆண்டு பழைய மூல மின்தேக்கிகளை மாற்றிவிடுவதே நல்லது. அது பெட்டியின் மூலத்தன்மையைக் கெடுக்கும் என்ற தயக்கத்தில் பொருள் இல்லை.

பவர் வால்வுகளை மாற்றும்போது பயஸ் அவசியமா?

அவசியம். நான்கும் ஒரே அளவில் பொருத்தம் பார்த்த தொகுதியாக இருக்க வேண்டும். இ.எல்.34இன் தகடு தாங்கும் உச்ச அளவு 25 வாட்; ஓய்வு நிலையில் அதன் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது வழக்கம். தகட்டு மின்னழுத்தம் 460 வோல்ட் என்றால் ஒரு வால்வுக்கு ஏறத்தாழ 38 மில்லிஆம்பியர் வரும். 35ஐ ஒட்டி வைத்தால் வால்வு நீண்ட நாள் உழைக்கும். குறைவாக வைத்தால் ஒலி வறண்டு உயிரற்றுப்போகும். முன்வால்வுகளுக்கு இந்த வேலை தேவையில்லை, மாற்றினால் போதும். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் முல்லார்ட் தயாரித்த பழைய வால்வுகள் இன்று அரிய பொருள். ஸ்லோவாக்கியாவின் சாட்சா நகரில் ஜே.ஜே. நிறுவனம் தயாரிப்பவை நாள்தோறும் வாசிக்கப் போதுமானவை.

நானே திறந்து பார்க்கலாமா?

வால்வுச் சுற்றில் பயிற்சி இல்லாதவர் திறக்கக் கூடாது. உள்ளே 450 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்திசை மின்னழுத்தம் உண்டு; பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கலாம். எச்.டி. ஃபியூஸ் (உயர் மின்னழுத்தப் பகுதியைக் காக்கும் ஃபியூஸ்) எரிந்தால் அதே அளவுள்ள புதிய ஃபியூஸை ஒரே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மீண்டும் எரிந்தால் ஏதோ ஒரு வால்வோ மின்தேக்கியோ குறுக்கிணைப்பு ஆகிவிட்டது என்று பொருள். பெரிய ஃபியூஸைப் போடுவது டிரான்ஸ்பார்மரை எரிக்கும் வழி.

கெயினைக் கூட்டும் மாற்றங்களைச் செய்யலாமா?

மூல நிலையில் உள்ள ஹெட்டில் வேண்டாம். கூடுதல் வால்வுப் படி சேர்ப்பது, மின்தேக்கிகளை மாற்றி அடித்தொனியைக் கூட்டுவது எல்லாம் தொழில்நுட்ப அளவில் எளியவை, நூற்றுக்கணக்கானோர் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் கோல்ட் கிளிப்பரைச் சுற்றி அமைந்த சமநிலையை அசைக்கிறது. கடைசியில் கிடைப்பது வேறு கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இன்னொரு ஹை-கெயின் ஆம்ப்ளிஃபயர்தான். ஏற்கெனவே துளையிட்டு மாற்றப்பட்ட ஹெட் கையில் இருந்தால் அதில் தாராளமாகச் சோதனை செய்யலாம். சேசிஸில் துளையிடாமல், எடுத்த உறுப்புகளைப் பத்திரமாக வைத்து, பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்தால் போதும்.

பழையது கிடைக்காவிட்டால் புதியதில் எதை வாங்கலாம்?

மூல வரிசையின் இடத்தை 1990இல் ஜே.சி.எம். 900 பிடித்தது. 2002இல் மார்ஷல் 2203எக்ஸ் என்ற பெயரில் மறுவெளியீட்டைக் கொண்டுவந்தது. அதே அடிப்படைச் சுற்று, கூடுதலாக எஃபெக்ட்ஸ் லூப். மேடையில் வாசிக்கிறவருக்கு நல்ல நிலையில் உள்ள 2203எக்ஸ், பழுதோடு வரும் பழைய ஹெட்டைவிட மேலானது. வீட்டிலும் சிறிய அரங்கிலும் வாசிப்பவர்களுக்கு 2019இல் வந்த எஸ்.சி.20எச் பொருத்தம்: இரண்டு இ.எல்.34 வால்வுகள், 20 வாட், தேவைப்பட்டால் 5 வாட்டுக்குக் குறைக்கலாம். நான்கு வால்வுகளும் பெரிய டிரான்ஸ்பார்மர்களும் தரும் அடித்தொனியின் திண்மை அதில் கிடைக்காது. ஆனால் பவர் பகுதியையும் உழைக்கவைத்து ஒரு சாதாரண அறையில் வாசிக்க முடிவதால், மாஸ்டரை 1க்கு மேல் திருப்ப முடியாத 100 வாட் ஹெட்டைவிட அதுவே அவர்களுக்கு நிறைவாக ஒலிக்கும்.